கடைசி ஆறு வாரம்

மாண்ட்ரியாலைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேல் 1961-ல் வட உகாண்டாவுக்குக் கிளம்பியபோது, இரண்டு மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் பேச்சு. குலு நகரை ஒட்டிய லாச்சோரில் 1959-ல் தொடங்கப்பட்ட ஒரு சின்ன மிஷன் மருத்துவமனையைப் பெரிதாக்க நினைத்த இத்தாலிய மருத்துவர் பியரோ கோர்ட்டி அவரை அழைத்திருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு மாதம் முப்பத்தைந்து வருடமாக நீண்டது. போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை செய்யும்போது கையில் பட்ட கீறல்கள் வழியே எச்.ஐ.வி. தொற்றி, 1996-ல் லூசில் இறந்தார்.

இந்தக் கதையைக் கேட்டு மனம் இளகிப் புறப்படுகிற தன்னார்வ மருத்துவர்கள் பலர். ஆனால் அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொன்ன தேதியில் ஊர் திரும்பிவிடுகிறவர்கள்தான். அதில் தவறு எதுவும் இல்லை. விசா, தடுப்பூசி, பதிவு, பயணச்சீட்டு என்று போவதற்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்தவர், திரும்புவதற்குக் கடைசி இரண்டு நாளை மட்டும் ஒதுக்குகிறார் பாருங்கள், அங்கேதான் கோளாறு.

லாச்சோர் கதையின் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அங்கே பயிற்சி மருத்துவராக வந்த, அந்தப் பகுதியின் அச்சோலி இனத்து இளைஞர் மேத்யூ லுக்வியாவைத் தங்களுக்குப் பிறகு பொறுப்பேற்கும்படி கோர்ட்டி தம்பதி வளர்த்தெடுத்தார்கள். 2000-ம் ஆண்டு குலுவில் தொடங்கி எபோலா பரவி, 425 பேருக்குத் தொற்றி, 224 பேரைக் கொன்றது. அப்போது மருத்துவமனையை முன்னின்று நடத்தியவர் லுக்வியா. அந்த டிசம்பரில் அதே நோய்க்கு அவரும் பலியானார். மருத்துவமனை மூடப்படவில்லை. இன்றும் உகாண்டா மருத்துவர்கள் அதை நடத்துகிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு இருந்தவர்களே ‘நமக்குப் பிறகு யார்’ என்று யோசித்திருக்கும்போது, ஆறு மாதம் இருப்பவர் யோசிக்காமல் போவதற்கு நியாயம் கிடையாது.

திரும்பும் ஆயத்தத்துக்கு ஆறு வாரம் என்பது ஜாதகக் கணக்கு அல்ல. உகாண்டாவின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் தேசிய மருந்துக் கிடங்கு, இரண்டு மாதச் சுற்றில் சரக்கு விநியோகிக்கிறது. மிஷன் மருத்துவமனைகள் பெரும்பாலும் கம்பாலாவில் உள்ள கூட்டு மருந்துக் கிடங்கில் வாங்குகின்றன. எதுவானாலும் இன்று கேட்ட மாத்திரை நாளை வார்டுக்கு வந்துவிடாது. ஒரு மருந்தை மெல்லக் குறைத்து இன்னொன்றுக்கு மாற்றவும், ஒரு பெரிய காயம் ஆறவும், ஒரு குழந்தையின் பாதத்துக்குப் போட்ட மாவுக்கட்டு வரிசை முடியவும் வாரங்கள் தேவை. அதனால் நாள்காட்டியில் பயணத் தேதியைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஆறு வாரத்துக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமையிலிருந்து புதிதாக எதைத் தொடங்குவது, எதைத் தொடங்காமல் விடுவது என்ற கணக்கு ஆரம்பமாகிறது.

முதலில் அறுவை தியேட்டர். அவசர அறுவைக்குக் கணக்கு கிடையாது. சிசேரியன் சிசேரியன்தான், விமானம் மறுநாள் காலை என்றாலும். மற்றவற்றுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இதில் சிக்கல் வந்தால், இங்கே இருக்கப்போகிறவர்கள் சமாளிக்க முடியுமா? குடலிறக்க அறுவையைக் கடைசி வாரம் வரைகூடச் செய்யலாம், உள்ளூர் மருத்துவர் தினம் செய்கிற வேலை அது. ஆனால் வெளியே கம்பிச் சட்டம் பொருத்தி எலும்பைச் சேர்ப்பது, அதைக் கழற்றத் தெரிந்த கை அங்கே இருந்தால் மட்டுமே. மலவாய் சரியாக அமையாத குழந்தைக்கு உயிர்காக்க, குடலை வயிற்றின் வழியே வெளியே திறந்துவிடும் கொலாஸ்டமி போட்டே ஆக வேண்டும், அதை யாரும் தள்ளிப்போட முடியாது. பிறகு நிரந்தரத் திருத்தத்துக்கு அந்தக் குழந்தை எங்கே, எப்போது, யார் செலவில் போகும்? கம்பாலாவின் முலாகோ, மேற்கே ம்பராரா போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான் குழந்தைகளுக்கான அறுவை நிபுணர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் கடிதத்தை இப்போதே எழுதி, அங்கே ஒருவரிடம் பேசி, தாயின் கையில் கொடுக்காவிட்டால், வயிற்றில் ஒட்டிய பையோடு அந்தக் குழந்தை வருடக்கணக்கில் இருந்துவிடும். கிராமத்தில் அந்தப் பைகூடக் கிடைக்காது, துணியைத்தான் கட்டுவார்கள்.

கிளப்ஃபுட் எனப்படும் உள்வளைந்த பாதமும் இதே கதைதான். பொன்செட்டி முறையில் வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்து முதல் ஏழு கட்டு, பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சிறு வெட்டு, மூன்று மாதம் ஏறக்குறைய முழுநேரமும் பட்டை போட்ட காலணி, அதன் பிறகு நான்கு வயது வரை இரவில் மட்டும் அதே காலணி. மாவுக்கட்டு பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், பாதம் வாரா வாரம் திரும்புவதைப் படம் எடுக்கலாம். பலன் தருவதோ, யாரும் படம் எடுக்காத அந்தக் காலணி வருடங்கள். காலணி தரவும் அளவு மாற்றவும் ஆளில்லாத இடத்தில் முதல் கட்டைப் போடுவதே தப்பு. அருகில் கிளப்ஃபுட் கிளினிக் நடக்கும் ஊருக்கு அனுப்பிவைப்பதே சிகிச்சை.

அடுத்து மருந்து. தன்னார்வலர்கள் அறியாமல் செய்யும் தீங்கு அதிகம் நடப்பது இங்கேதான். வலிப்பு வரும் ஒரு சிறுமிக்கு, பெட்டியில் கொண்டுவந்த லெவடிராசிட்டம் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலிப்பு நிற்கிறது, தாய் கையெடுத்துக் கும்பிடாத குறை. மருத்துவர் ஊருக்குப் போன மறு மாதம் டப்பா காலி. திடீரென்று நின்றுபோன மருந்தால் வலிப்பு முன்னைவிட மோசமாக, நிற்காமல் வரலாம். அது உயிரையே பறிக்கும். பீனோபார்பிட்டோன், கார்பமாசெபைன் போன்றவை பழைய சரக்கு என்று நகரத்து மருத்துவர் முகம் சுளிக்கலாம். அவைதான் அங்கே கிடைக்கும், அடுத்த ஆண்டும் கிடைக்கும். ஆறு வாரத்துக்குள் எல்லா நாள்பட்ட நோயாளிகளையும் உள்ளூர்ப் பட்டியலில் உள்ள மருந்துக்கு மெல்ல மாற்றி, புதிய அளவு ஒத்துக்கொள்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

காசநோய், எச்.ஐ.வி. நோயாளிகள் விஷயத்தில் இந்தக் கவலை குறைவு. அவர்களுக்குத் தனிப் பதிவேடு, தனி கிளினிக், தேதி தவறினால் தேடிப் போகிற ஆட்கள் என்று ஒரு ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. மருத்துவர் மாறினாலும் அது ஓடும். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது அந்த ஏற்பாடும் ஆட்டம் கண்டது. மருந்து யார் பணத்தில் வருகிறது என்று கிளினிக் பொறுப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது வீண் வேலை அல்ல.

இனி எழுத்து. உகாண்டாவின் கிராமப்புற ஓ.பி.யில் நோயாளியின் ஃபைல் என்பது பெரும்பாலும் ஒரு பள்ளி நோட்டுதான். மெல்லிய அட்டை போட்ட அந்த நோட்டை நோயாளியே கடையில் காசு கொடுத்து வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவருவார். முனைகள் சுருண்டு, மழைத் தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கும். ஒரே நோட்டில் பிரசவம், மலேரியா, பல்வலி எல்லாம் வரிசையாக இருக்கும். மருத்துவமனையின் கணினியில் என்ன ஏற்றினாலும், அடுத்த மருத்துவர் கையில் கிடைக்கப்போவது இந்த நோட்டுதான். ஆகவே விடைபெறும் குறிப்பும் அங்கேதான் எழுதப்பட வேண்டும். தனித்தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அது அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும்.

குறிப்பு நீளமாக இருக்கத் தேவையில்லை. ‘வலிப்பு. பீனோபார்பிட்டோன், இரவில் ஒரு வேளை. நிறுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை மருந்து வாங்குமிடம் இது. இன்ன நிலை வந்தால் உடனே மருத்துவமனை.’ இவ்வளவு போதும். மருந்தின் பொதுப் பெயர், மில்லிகிராம் அளவு, போக வேண்டிய இடம், ஆபத்தின் அறிகுறி. வணிகப் பெயரும் மருத்துவர்களின் சுருக்கெழுத்தும் வேண்டாம். சென்னையில் எல்லோருக்கும் புரிகிற சுருக்கம் குலுவில் வேறொன்றைக் குறிக்கலாம். உகாண்டாவில் ஹெல்த் சென்டர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று படிநிலை உண்டு. நான்காம் நிலையில்தான் மருத்துவரும் தியேட்டரும் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளியின் வீட்டுக்கு அருகில் இருப்பது எந்த நிலை என்று தெரியாமல் ‘அருகிலுள்ள மையத்தில் காட்டவும்’ என்று எழுதுவது வெற்று மை.

ஒழுங்காக எழுதிய பதிவேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே நாட்டில் ஒரு சாட்சி உண்டு. வடமேற்கே வெஸ்ட் நைல் பகுதியில் உள்ள குலுவா மிஷன் மருத்துவமனையில் டெட் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் தன்னிடம் வந்த புற்றுநோயாளிகளைப் பற்றிப் பொறுமையாகக் குறித்து வைத்திருந்தார். குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியைத் தேடி 1961-ல் டெனிஸ் பர்கிட் பழைய ஸ்டேஷன் வேகனில் சுமார் 10,000 மைல் சுற்றியபோது வில்லியம்ஸும் உடன் போனார். பர்கிட் லிம்போமா எந்த ஊரில், எந்தக் காலத்தில் கூடுதலாக வருகிறது என்ற பின்னாளைய ஆய்வுகளுக்குக் குலுவாவின் பதிவேடுகள் அடித்தளமாக இருந்தன. ஊர், வயது, தேதி என்று எழுதி வைத்த சாதாரண வரிகள்தான் அவை.

பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது? மருத்துவக் கண்காணிப்பாளரிடம் என்றுதான் பலர் சட்டென்று சொல்வார்கள். மரியாதைக்கு அது சரி. ஆனால் உகாண்டாவில் ஓ.பி.யை நடத்துவது பெரும்பாலும் மருத்துவருக்கு அடுத்த நிலையில் சிகிச்சை தரும் கிளினிக்கல் ஆபீசர், பிரசவ வார்டை நடத்துவது மிட்வைஃப், எந்தப் படுக்கையில் யார் என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவர் வார்டின் இன்-சார்ஜ் சிஸ்டர். இளம் மருத்துவர்கள் பயிற்சி முடிந்ததும், மேற்படிப்பு கிடைத்ததும் போய்விடுவார்கள். சிஸ்டர் இருப்பார். கடைசி வாரத்தில் ஒருநாள் அவரோடு படுக்கை படுக்கையாக நடந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன நிலை, அடுத்து என்ன செய்ய வேண்டும், எது நடந்தால் பயப்பட வேண்டும் என்று சொல்லி, கேட்டவர் அதைத் திரும்பச் சொல்லும்வரை நிற்க வேண்டும். நோயாளிகளை ஒப்படைப்பதற்கான ஐ-பாஸ் என்ற முறை கேட்பதும் இதைத்தான். வட அமெரிக்காவில் ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் அதைப் பழக்கியபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. கேட்டவர் திரும்பச் சொல்வதும் அந்த முறையின் ஒரு பகுதி. மூத்த மருத்துவர்கள் அதை அவமரியாதையாக நினைக்கலாம். நினைக்கட்டும்.

அடுத்து, பெட்டியைக் காலி செய்யும் வேலை வருகிறது. ஸ்டெதாஸ்கோப், பல்ஸ் ஆக்சிமீட்டர், காது பார்க்கும் கருவி எல்லாவற்றையும் விட்டுப்போகிறீர்களா என்று கேட்பார்கள். வெட்கமில்லாமல் கேட்பார்கள், கேட்பதில் தப்பும் இல்லை. கொடுப்பதென்றால் ஸ்டோர் பதிவேட்டில் எழுதி வார்டுக்குக் கொடுப்பது நல்லது. ஒரு நபருக்குக் கொடுத்தால் மற்ற ஒன்பது பேரின் முகம் கோணும். கருவி கொடுப்பவர் பேட்டரி, வடிகட்டி, உதிரிப்பாகம் அங்கே கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். ஏழை நாடுகளில் மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 சதவீதம் பழுதாகிக் கிடக்கின்றன என்று 2011-ல் பதினாறு நாட்டுக் கணக்கெடுப்புகளைத் தொகுத்த ஆய்வு சொன்னது. உகாண்டாவின் மின்செருகி பிரிட்டனுடையதைப் போலச் செவ்வகக் கால் மூன்று கொண்டது. நம் உருண்டைக் கால் செருகி அதில் நுழையாது. அடாப்டரைத் தொங்கவிட்டுப் போவதைவிட, மருத்துவமனை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செருகியையே மாற்றிவிடலாம்.

மிச்ச மாத்திரை வேறு விஷயம். நன்கொடை மருந்துக்கு, நாட்டில் வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாதி பிரித்த அட்டைகளைப் பார்மசி மேசையில் கொட்டிவிட்டுப் போவது தானம் ஆகாது. அழிக்கும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான்.

பணம், வாக்குறுதி. பள்ளிக் கட்டணம் கட்ட முடியுமா, நர்ஸிங் படிக்கும் தங்கைக்கு உதவ முடியுமா என்ற கேள்விகள் கடைசி வாரத்தில் மொத்தமாக வந்து சேரும். ‘ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன்’ என்பது நம் ஊரில் நாசூக்கான மறுப்பு. அங்கே அது வாக்கு. முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிடுவதே மரியாதை. உதவ நினைப்பவர் மருத்துவமனையின் ஏழை நோயாளி நிதிக்கு ரசீது வாங்கிக்கொண்டு கட்டலாம். செல்போனில் உள்ள மொபைல் பண இருப்பைக் காலி செய்யாமல் விமானம் ஏறுபவர்களும் உண்டு; வெளிநாட்டில் அந்த எண் செத்துப்போன பிறகு அந்தப் பணத்தை எடுப்பது பெரும்பாடு.

வழியனுப்பு விழா இல்லாமல் அங்கே யாரும் போக முடியாது. பேச்சுகள் நீளும். யாருக்குப் பின் யார் பேசுவது என்ற வரிசை கறாராக இருக்கும். கண்காணிப்பாளர் பேசுவார், கடவுள் வாழ்த்து இருக்கும், பிரதம விருந்தினர் ஒருவர் தாமதமாக வந்து சேர்வார். அச்சோலிப் பகுதி என்றால் நிலக்கடலையும் எள்ளும் அரைத்துச் சேர்த்த மலக்வாங் கீரை பரிமாறப்படும். நம் புளிச்சகீரைக்கு நெருங்கிய சொந்தம் அது, ஆந்திர கோங்கூராவைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். நோயாளியின் குடும்பம் உயிருள்ள கோழியைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து நீட்டினால் மறுக்கக் கூடாது. வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி, பிறகு சமையற்கட்டில் கொடுத்துவிடலாம். பதில் பேச்சு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதில் துப்புரவுப் பணியாளர், சலவைக்காரர், ஓட்டுநர் பெயர்கள் வரட்டும். ‘நான் செய்தவை’ என்ற பட்டியல் வர வேண்டியதில்லை.

காகிதங்களை விழாவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். செய்த அறுவைகளின் பதிவேட்டில் மேற்பார்வை மருத்துவரின் கையெழுத்தும், மறக்காமல் ரப்பர் ஸ்டாம்பும். ஸ்டாம்பு இல்லாத கையெழுத்துக்கு உகாண்டா அலுவலகங்களில் பாதி மதிப்புதான். தற்காலிகப் பதிவு கொடுத்த உகாண்டா மருத்துவ, பல் மருத்துவக் கவுன்சிலிடம் நன்னிலைச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. பிறகு வேறொரு நாட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் கேட்பார்கள். சென்னையில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் துரத்துவதற்கு அங்கேயே ஒரு நாள் வரிசையில் நிற்பது மேல்.

படங்கள்? உகாண்டாவில் 2019 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சட்டம் இருக்கட்டும்; வேலூரிலோ மதுரையிலோ ஒரு வார்டில் வெளிநாட்டவர் ஒருவர் நுழைந்து, கட்டு அவிழ்த்த காயத்தோடு நம் வீட்டுக் குழந்தையைப் படம் பிடித்துப் போனால் என்ன சொல்வோம் என்று யோசித்தால் போதும். எழுத்தில் அனுமதி இல்லாத நோயாளிப் படத்தை விமானம் ஏறுமுன் அழித்துவிட வேண்டும்.

கடைசியாக, கிளம்புகிறவரின் சொந்த உடம்பு. ஊசி குத்தியோ கத்தி பட்டோ எச்.ஐ.வி. ஆபத்து ஏற்பட்டால், தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பாதியில் பயணம் வந்தால் மிச்ச மாத்திரையும் மருத்துவரின் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். ஊர் வந்தபின் மறுபரிசோதனைத் தேதியும் தவறக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ், கிண்டி கிங் நிலையத்தில் போகும்போது வாங்கிய அதே மஞ்சள் அட்டை, திரும்பும்போதும் வேலைக்கு வரும். உகாண்டாவிலிருந்து இறங்குபவரிடம் அது இல்லையென்றால் இந்திய விமான நிலைய சுகாதார அதிகாரி ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். மலேரியாத் தடுப்பு மாத்திரையைத் தரையிறங்கிய அன்றே நிறுத்தக் கூடாது: டாக்சிசைக்ளின், மெஃப்ளோகுயின் என்றால் நான்கு வாரம், அடோவக்வோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள் தொடர வேண்டும். விக்டோரியா ஏரியிலோ நைல் ஆற்றிலோ குளித்திருந்தால் நத்தைகள் வழி பரவும் பில்ஹார்சியாவுக்கான ரத்தப் பரிசோதனை. அதையும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கழித்துச் செய்தால்தான் பலன். அந்தச் சமயத்தில் எபோலா பரவிக்கொண்டிருந்தால் 21 நாள் காய்ச்சலைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் சோதனை ஓடும். உகாண்டாவின் மலேரியாவோ பெரும்பாலும் பால்சிபாரம் வகை; சில நாளில் ஆளைச் சாய்த்துவிடும். வழக்கமாக அது முதல் மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும், வேறு சில வகைகள் அதற்குப் பிறகும் வரலாம். ஆகவே திரும்பிய ஓராண்டு வரை எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருத்துவரிடம் போனாலும், அவர் கேட்பதற்கு முன்பே ‘உகாண்டாவில் இருந்துவிட்டு வந்தேன், இன்றே மலேரியா ஸ்மியர் பாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் ஆயிற்றே என்று வீட்டிலேயே பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருக்காதீர்கள்.